யான் சிகோல்ட்: எழுத்துக்களோடு எல்லை கடந்தவர்

புத்தகமொன்றை விரித்தால் நாம் சொற்களைத்தான் வாசிக்கிறோம். அந்தச் சொற்கள் எந்த வடிவ எழுத்தில் நிற்கின்றன, வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி, தாளின் ஓரத்தில் எவ்வளவு வெள்ளை விடப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் கவனிக்கவும் தோன்றாது. ஆனால் இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். கடந்த நூற்றாண்டில் இந்த வேலையைச் செய்தவர்களில் யான் சிகோல்ட் அளவுக்கு ஆழமாகத் தடம் பதித்தவர்கள் மிகச் சிலர். அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத எமக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவரும் பொலிசுக்குத் தப்பி, மனைவியோடும் சிறு பிள்ளையோடும் எல்லை கடந்து சுவிற்சர்லாந்துக்கு வந்த மனிதர்.

1902 ஏப்ரல் 2இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் அவர் பிறந்தார். வைத்த பெயர் யொஹானஸ். தகப்பன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழிலாளி. தூரிகையால் எழுத்துக்கு உருவம் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்தே பிள்ளை வளர்ந்தது. லைப்சிக் அந்த நாளில் ஜேர்மன் புத்தகத் தொழிலின் தலைநகர். 1914இல் அங்கே புத்தகத்துக்கும் அச்சுக்கலைக்குமாக ஒரு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் பழைய ஏடுகளையும் அச்சுப் பிரதிகளையும் பார்க்க அங்கே போனான். பெற்றோர் அவனைச் சித்திர ஆசிரியராக்க நினைத்தார்கள். ஆசிரிய பயிற்சிக்கும் அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் அவன் அதை விட்டுவிட்டு லைப்சிக் கலைக்கழகத்தில் எழுத்துக்கலை படிக்கச் சேர்ந்தான். இருபது வயது ஆகுமுன்னரே அங்கே மாலை வகுப்புகளில் மற்றவர்களுக்கு எழுத்துப் பயிற்றும் அளவுக்குத் தேறிவிட்டான்.

அன்றைய ஜேர்மன் அச்சு எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் பெரும்பகுதி 'ஃபிராக்டூர்' என்ற கூர்கூரான பழைய எழுத்தில் வந்தது. விளம்பரங்களில் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு எழுத்துரு. சுற்றிவரப் பூவேலை, கொடிவேலை. எல்லாமே தாளின் நடுவில் கோபுரம்போல அடுக்கப்பட்டிருக்கும். எமது கலியாண அழைப்பிதழ்கள் சிலவற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

1923இல் வைமார் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஒரு கண்காட்சி வைத்தது. 21 வயது சிகோல்ட் அதைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தார். மொஹோலி-நாகியின் வேலைகளும், ரஷ்யாவிலிருந்து வந்த எல் லிசிட்ஸ்கியின் வேலைகளும் அவரை ஆட்டிவிட்டன. ரஷ்யப் புரட்சிக் கலைஞர்கள் மேலிருந்த பற்றினால் தன் பெயரையே இவான் என்று மாற்றிக்கொண்டார். 1925 ஒக்டோபரில் அச்சுத் தொழிலாளர் சங்கத்துச் சஞ்சிகை ஒன்றின் சிறப்பிதழ் முழுவதையும் அவரே தொகுத்தார். புதிய அச்சமைப்பு என்ற கொள்கை கலைஞர்களின் கூடத்தைத் தாண்டிச் சாதாரண அச்சுக்கோப்பாளரின் கைக்கு வந்தது அந்த இதழால்தான்.

1926இல் ஈடித்தைத் திருமணம் செய்தார். அதே ஆண்டு மியூனிக் நகரின் அச்சுத்தொழிற் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அழைத்தவர் பவுல் ரென்னர். 'ஃபியூச்சுரா' எழுத்துருவை வடிவமைத்தவர் இவர்தான். பவேரியாவில் அந்த ரஷ்யப் பெயரோடு ஆசிரியராக இருப்பது கஷ்டம் என்றாகிவிட, இவான் மறுபடி மாறி யான் ஆனார். வேலைக்காகப் பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள் எம்மிடையேயும் நிறையப் பேர் இருக்கிறோம். தமிழில் 'யான்' என்றால் நான் என்று பொருள் வருவது தற்செயல்தான், ஆனாலும் எமக்குப் பிடித்திருக்கிறது.

1928இல், 26 வயதில், 'புதிய அச்சமைப்பு' என்று பொருள்படும் தலைப்பில் தன் புத்தகத்தை வெளியிட்டார். அதன் சாரம் எளிமையானது. அச்சின் முதல் கடமை தெளிவு. நடுவில் அடுக்குவது எல்லாச் செய்தியையும் ஒரே அச்சில் வார்க்கிறது, எது முக்கியம் எது துணை என்பதை மறைக்கிறது. ஆகவே சமச்சீரை விட்டுவிட்டு, செய்தியின் பொருளுக்கு ஏற்ப வரிகளை இடமும் வலமும் தள்ளி வைக்க வேண்டும். எழுத்தின் முனைகளில் சின்னக் கோடுகள் இல்லாத, மொட்டையான 'குரொடெஸ்க்' வகை எழுத்தே இயந்திர யுகத்துக்கு ஏற்றது. அலங்காரம் வேண்டாம். சித்திரத்துக்குப் பதிலாகப் புகைப்படம். வெற்றிடத்தை மீந்துபோன இடமாக எண்ணாமல் அதையும் ஒரு பொருளாகக் கையாள வேண்டும்.

கணக்கெழுதி வாழும் எம்மைப் போன்றவர்களுக்கு இது உடனே விளங்கும். ஐந்தொகையில் எண்களை நடுவில் அடுக்கினால் யாராலும் வாசிக்க முடியாது. ஒன்றுகள் ஒன்றுகளுக்குக் கீழே, பத்துகள் பத்துகளுக்குக் கீழே வலப்பக்கம் ஒட்டி நிற்கவேண்டும். மொத்தத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே இரட்டைக் கோடு. கண் தானாகவே அங்கே போய் நிற்கும். அழகுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை, ஆனாலும் நன்றாக எழுதிய பேரேடு அழகாகத்தான் இருக்கிறது. சிகோல்ட் கேட்டது ஏறக்குறைய அதைத்தான்.

அந்தப் புத்தகத்தில் தாள் அளவுகளுக்கும் அவர் தாராளமாக இடம் ஒதுக்கினார். ஜேர்மனி 1922இல் ஒரு தர அளவை அறிவித்திருந்தது. ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள தாளை எடுத்து, பாதியாக மடித்துக்கொண்டே போகவேண்டும். எத்தனை முறை மடித்தாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. நான்காவது மடிப்பில் கிடைப்பது ஏ4. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் அலுவலகத் தாள் அதுதான். எமது அகதி விண்ணப்பங்கள், நிராகரிப்புக் கடிதங்கள், மேன்முறையீடுகள், கடைசியில் வந்த வதிவிட அனுமதி எல்லாமே அந்த அளவில்தான் வந்தன. சிகோல்ட் தர அளவை உற்சாகமாகப் பிரசாரம் செய்தார். தன் புத்தகத்தையும் அந்த வரிசையில் அடுத்ததான ஏ5 அளவிலேயே அச்சிட்டார்.

மியூனிக்கில் ஃபோபஸ் பலாஸ்ட் என்ற சினிமாத் தியேட்டருக்காக 1927இல் அவர் செய்த சுவரொட்டிகளை இன்றும் வடிவமைப்புப் பள்ளிகளில் காட்டுகிறார்கள். ஒரு சாய்ந்த கோடு, ஒரு வட்டத்துக்குள் புகைப்படம், ஓரிரு நிறம், கொஞ்சம் எழுத்து. அவ்வளவுதான்.

1933 மார்ச்சில் பவேரியாவின் ஆட்சியும் நாஜிகளின் கைக்குப் போனது. சில நாட்களிலேயே சிகோல்ட்டின் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. சோதனையில் சோவியத் சுவரொட்டிகள் அகப்பட்டன. அவர் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது வடிவமைப்புக்காக. ஆனால் சோதனைக்கு வருகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் தேவையில்லை. வீட்டில் ஒரு படம், ஒரு புத்தகம், ஒரு துண்டுக் காகிதம் இருந்ததற்காக என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவரும் ஈடித்தும் கைதானார்கள். வேலையும் போனது. ரென்னரும் அடுத்த மாதம் கைதாகிப் பிறகு பதவி இழந்தார். சிகோல்ட் சில வாரங்கள் காவலில் இருந்து வெளியே வந்தார். அந்தக் கோடையில் குடும்பம் சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. மகன் பேத்தருக்கு அப்போது ஏறக்குறைய நான்கு வயது.

ஜேர்மனியில் பெயரெடுத்த ஒருவருக்கு பாசலில் கிடைத்தது என்ன? பென்னோ ஷ்வாபே என்ற பதிப்பகத்தில் பகுதிநேர வேலை, தொழிற்பள்ளியில் சில மணித்தியாலப் பாடம். ஊரில் ஆசிரியராக இருந்து இங்கே உணவகச் சமையலறையில் நின்றவர்களோடு ஒப்பிட்டால் அவர் அதிர்ஷ்டசாலி, தன் தொழிலிலேயே இருக்க முடிந்தது. ஆனால் உறுதியான இடம் இல்லை. சுவிஸ் குடியுரிமை கிடைத்தது 1942இல். வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து.

அந்த ஒன்பது ஆண்டுகளில்தான் அவருடைய கை மாறத் தொடங்கியது. 1935இல் பாசலில் வெளிவந்த அவரது அடுத்த முக்கியமான புத்தகத்தின் உடல் எழுத்து மொட்டை எழுத்து அல்ல. 'போடோனி' என்ற பழைய இத்தாலிய வகை. வரி அமைப்பில் இன்னும் சமச்சீர் இல்லை, ஆனால் குரல் தணிந்திருந்தது. முப்பதுகளின் கடைசியில் நடுவில் அடுக்கிய தலைப்புப் பக்கங்கள் அவர் மேசையிலிருந்து வரத் தொடங்கின. 1941இலிருந்து பிர்க்ஹொய்சர் பதிப்பகத்துக்காக அவர் செய்த இலக்கியப் புத்தகங்கள் முழுக்க முழுக்கப் பழைய மரபு. பதினைந்து ஆண்டுகளுக்குமுன் எதை ஒழிக்கவேண்டும் என்று எழுதினாரோ, அதையே இப்போது யாரையும்விட நேர்த்தியாகச் செய்தார்.

இதை அவருடைய பழைய தோழர்கள் துரோகம் என்று பார்த்தார்கள். 1945 டிசம்பரில் சூரிச்சில் அவர் ஆற்றிய ஓர் உரை தீயைப் பற்றவைத்தது. அடுத்த ஆண்டு சுவிஸ் கலைஞர் மக்ஸ் பில் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். சிகோல்ட் எழுதிய பதிலில் கலையைவிட அரசியலே கூடுதலாக இருந்தது. நாம் உருவாக்கிய புதிய அச்சமைப்பின் சகிப்பின்மை ஜேர்மனியரின் முழுமுற்றான மோகத்துக்கு ஒத்துப்போகிறது, எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் நிறுத்தும் அதன் விருப்பத்தில் இராணுவச் சாயல் இருக்கிறது, ஹிட்லர் ஆட்சியைக் கொண்டுவந்த குணமும் அதுதான் என்பது அவருடைய வாதம். தன் இளமைக் கொள்கையைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

எமது கருத்தைச் சொல்வதானால், அந்த ஒப்பீடு அளவு மீறியது. புதிய அச்சமைப்பைச் செய்தவர்களில் எத்தனையோ பேர் நாஜிகளால் துரத்தப்பட்டவர்கள், பௌஹவுஸ் பள்ளியே 1933இல் மூடவேண்டி வந்தது. வேட்டையாடப்பட்டவர்களின் கலையை வேட்டையாடியவர்களின் குணத்தோடு சேர்த்துக் கட்டுவது நீதியாகாது. ஆனால் பில் சொன்னதையும் நாம் அப்படியே ஏற்க மாட்டோம். ஒரு காலத்தில் நம்பியதற்காகச் சிறைக்குப் போனவன் அதே நம்பிக்கையை ஆயுள் முழுவதும் சுமக்கவேண்டும் என்று, கைதாகாத ஒருவர் கேட்பதில் ஏதோ பிழை இருக்கிறது. எமது கூட்டங்களிலும் இந்த வழக்கு அடிக்கடி வருகிறது. 'நீ முந்தி அப்பிடிச் சொன்னாய்தானே' என்று ஒருவர் எழும்பினால் மண்டபமே இரண்டாகப் பிரிந்துவிடும். சிகோல்ட் தன் பழைய வேலையை மறைக்கவில்லை. விளம்பரங்களுக்கு அது பொருந்தும், நூல்களுக்கு, அதிலும் இலக்கியத்துக்குப் பொருந்தாது என்பதே அவர் கடைசியில் வந்து நின்ற இடம்.

எழுத்துருக்களுக்குக் கட்சி ஒட்டுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு அதே காலத்தில் ஒரு சாட்சியம் உண்டு. தொடக்கத்தில் ஃபிராக்டூரை ஜேர்மன் இனத்தின் எழுத்து என்று தலையில் வைத்துக் கொண்டாடிய நாஜிகள், 1941 ஜனவரி 3ஆம் திகதி அதை யூத எழுத்து என்று அறிவித்துத் தடை செய்தார்கள். சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர் மார்ட்டின் போர்மன். அந்தக் கடிதத்தாளின் தலைப்போ ஃபிராக்டூரிலேயே அச்சாகியிருந்தது.

சிகோல்ட்டின் பெயரை அச்சுலகத்துக்கு வெளியேயும் கொண்டுபோனது லண்டன். அலன் லேன் 1935இல் தொடங்கிய பென்குவின் பதிப்பகம் மலிவு விலைப் புத்தகங்களை இலட்சக்கணக்கில் விற்றது. செம்மஞ்சள் என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை. அட்டையில் குழப்பம் இல்லை, உள்ளேதான் ஒழுங்கில்லை. புத்தகங்கள் பல அச்சகங்களில் அச்சாகின, ஒவ்வொரு அச்சகத்துக்கும் தன் தன் பழக்கம். முற்றுப்புள்ளிக்குப் பின் ஒருவர் பெரிய இடைவெளி விடுவார், மற்றவர் விடமாட்டார். 1947 மார்ச்சில் சிகோல்ட் இதைச் சீர்செய்ய வந்தார்.

முதலில் நான்கு பக்கத்தில் விதிகளை எழுதினார். சொற்களுக்கிடையே இடைவெளி நெருக்கமாக இருக்கவேண்டும், முற்றுப்புள்ளிக்குப் பின் கூடுதல் வெளி வேண்டாம், பந்தி உள்தள்ளல் இவ்வளவு, மேற்கோள் குறி இப்படி, பெரிய எழுத்துக்களில் வரும் தலைப்பில் எழுத்துகளுக்கிடையே சிறிது வெளி விடவேண்டும். அந்தக் கடைசி விதியை எழுதி எழுதிச் சலித்துப்போய் அதற்கென்று ஒரு றப்பர் முத்திரையே செய்து, திருத்தப்படிகளில் குத்தி அனுப்பினார். அளவுகோலால் சமமாக வைத்தால் போதாது, கண்ணுக்குச் சமமாகத் தெரியவேண்டும் என்பதே அதன் கருத்து. இரண்டு நேர்கோட்டு எழுத்துகள் பக்கத்தில் வந்தால் நெருக்கமாகத் தெரியும், சரிந்த எழுத்தோடு வட்ட எழுத்து வந்தால் பள்ளம் விழுந்ததுபோல் தெரியும். அதைக் கண்தான் சரிசெய்யவேண்டும்.

அச்சுக்கோப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். இத்தனை காலம் செய்துவந்த வேலையை வெளிநாட்டான் வந்து திருத்துவதா என்ற கோபம். அப்படி எதிர்ப்பு வரும்போது சிகோல்ட் சிரித்த முகத்தோடு ஆங்கிலம் விளங்காதவர்போல நின்றுவிடுவார் என்று அங்கே சொல்லப்படுவதுண்டு. மொழி தெரியாததையே ஆயுதமாக்கும் அந்த வித்தையை எமது முதல் தலைமுறை நன்றாகவே அறியும்.

மூன்று ஆண்டுகள் நிறையுமுன் 500க்கும் மேற்பட்ட புத்தகங்கள் அவர் கையால் கடந்துபோயின. பக்கம் பக்கமாகப் பார்த்தார். அட்டையிலிருந்த பென்குவின் பறவையையும் திரும்ப வரைந்தார், அது அழகாக நிமிர்ந்து நின்றது. செம்மஞ்சள் பட்டைகளைத் தூக்கி எறியவில்லை, அவற்றின் அளவையும் எழுத்தையும் திருத்தினார். தொழிலாளி கையில் வாங்கக்கூடிய மலிவுப் புத்தகத்துக்கு, பணக்காரர் அலமாரிப் புத்தகத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1949 செப்டெம்பரில் பிரித்தானியா பவுணின் மதிப்பைக் குறைத்தது. ஒரு பவுண் 4.03 டொலரிலிருந்து 2.80 டொலருக்கு, அதாவது சுமார் 30 சதவீதம் விழுந்தது. சம்பளம் பவுணில், நிரந்தர வீடு சுவிஸ் பிராங்கில். கணக்கைப் போட்டுப் பார்த்து, அந்த ஆண்டு முடிவில் பாசலுக்குத் திரும்பிவிட்டார். கலைஞர்களின் வரலாற்றில் நாணயமாற்று வீதம் ஒரு காரணமாக வருவது அரிது. ஊருக்குக் காசு அனுப்பும் எமக்கு அது வியப்பில்லை. அவருக்குப்பின் அந்தக் கதிரைக்கு வந்த ஹான்ஸ் ஷ்மொல்லர் பேர்லினில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தென்னாபிரிக்கப் பக்கம் தப்பிப்போய் அங்கே அச்சகத்தில் வேலை செய்தவர். ஆங்கிலேயரின் வீடுகளில் நிறைந்திருந்த அந்தப் புத்தகங்களின் பக்கங்களை ஒழுங்குபடுத்தியவர்கள் அடுத்தடுத்து இரண்டு ஜேர்மன் அகதிகள்.

சுவிற்சர்லாந்தில் மீதிக் காலத்தை மருந்துக் கம்பெனியான ஹொஃப்மன் லா ரோஷுக்கு வேலை செய்தும், படித்தும் எழுதியும் கழித்தார். மத்தியகால ஏடுகளையும் முதற்கால அச்சுப் புத்தகங்களையும் அளந்து அளந்து பார்த்து, 1953இல் ஒரு கணக்கைக் கண்டார். பக்கத்தின் அகலமும் உயரமும் 2க்கு 3 என்றால், அதை ஒன்பது ஒன்பது பங்காகப் பிரித்து எழுத்துப் பகுதியை வைக்கவேண்டும். உள் ஓரம், மேல் ஓரம், வெளி ஓரம், கீழ் ஓரம் நான்கும் 2, 3, 4, 6 என்ற விகிதத்தில் விழும். எழுத்துப் பகுதியின் உயரம் பக்கத்தின் அகலத்துக்கு அச்சொட்டாகச் சமமாகிவிடும். நாமும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம், ஒரு சதம் பிசகவில்லை.

அறுபதுகளில் ஜேர்மன் அச்சகத்தார் அவரிடம் விசித்திரமான ஒரு வேலையைக் கொண்டுவந்தார்கள். கையால் கோக்கும் ஈய எழுத்து, லைனோடைப், மோனோடைப் என்ற மூன்று முறைகளிலும் ஒரே தோற்றம் தரும் ஓர் எழுத்துரு வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடு. லைனோடைப்பில் நேர் எழுத்தும் சாய்வெழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கவேண்டும், ஓர் எழுத்தின் வால் பக்கத்து எழுத்தின் மேல் நீளக்கூடாது. இத்தனை விலங்குகளையும் மாட்டிக்கொண்டு, பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்துகளை அடியாக வைத்து அவர் செய்த எழுத்துரு 1967இல் வெளிவந்தது. அதன் பெயர் 'சாபோன்'. பிரான்சின் லியோன் நகரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய் எழுத்து வார்த்த யாக் சாபோனின் பெயர். இன்றும் நல்ல புத்தகங்கள் அதில் வருகின்றன.

பட்டங்கள் பிந்தி வந்தன. 1965இல் பிறந்த ஊரான லைப்சிக் அவருக்குக் குட்டன்பெர்க் பரிசு கொடுத்தது. அந்த ஊர் அப்போது கிழக்கு ஜேர்மனியில் இருந்தது. அவர் வாழ்வதற்காக ஜேர்மனிக்குத் திரும்பவில்லை. கடைசி ஆண்டுகளில் தெற்கே இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலத்தில், பெர்சோனா என்ற மலைக் கிராமத்தில் குடியிருந்தார். 1974 ஓகஸ்ட் 11இல் லொகார்னோவில் காலமானார். வயது 72.

அவருடைய வரைவுகளிலும் காகிதங்களிலும் ஒரு பெரும்பகுதி இன்று லைப்சிக்கில் இருக்கிறது, ஜேர்மன் தேசிய நூலகத்தைச் சேர்ந்த புத்தக, எழுத்து அருங்காட்சியகத்தில். ஜேர்மனியில் இருக்கும் எமது பிள்ளைகள் பேர்லினிலிருந்து ரயிலில் போனால் ஒன்றேகால் மணித்தியாலப் பயணம்தான்.